தூத்துக்குடிக்கு ஒரு ராத்திரி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை செல்லூரில் இருந்து எழுதுகிறேன். பதினெட்டு சீட் வேன் ஒன்று சொந்தமாக வைத்து 22 வருஷமாக ஓட்டி வருகிறேன். தங்கள் நாளிதழைக் காலை டீயோடு படிக்கிறவன். இதுவரை கடிதம் எழுதியதில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாசி மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் தூத்துக்குடிக்கு ஒரு சுற்றுலாத் திட்டம் போட்டிருந்தீர்கள். ஒன்றரை நாள், பதினான்கு இடம், ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டி வந்திருந்தது. அடுத்த வாரமே திருமங்கலம் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் அதைக் கத்தரித்து நாலாக மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தது. "அண்ணே, இதுல போட்டிருக்கிறபடியே போயிட்டு வந்துரணும்" என்றார்கள். பதினாறு பேர். கைக்குழந்தை ஒன்று, 78 வயதில் அப்பத்தா ஒருவர். நேரம் பத்தாது என்று சொல்லிப் பார்த்தேன். பேப்பரிலேயே போட்டிருக்கிறானே என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

காலை ஐந்தரைக்குக் கிளம்பி அருப்புக்கோட்டை வழியாக எட்டயபுரம் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. பாரதி பிறந்த வீடு இன்னும் திறக்கவில்லை. கட்டத்தில் எட்டயபுரத்துக்கு இருபது நிமிடம்தான் என்பதால் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்கள். 1904ல் நம் மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக வேலை பார்த்த மனிதர் பிறந்த வீடு. மதுரைக்காரர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதே ஊரில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமாகியிருக்கிறார், முத்துசாமி தீட்சிதர் சமாதியும் இருக்கிறது. அவை கட்டத்திலேயே இல்லை. குறுக்குச்சாலையில் திரும்பி ஒட்டப்பிடாரம், அப்புறம் பாஞ்சாலங்குறிச்சி. அங்கே பழைய கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான், இப்போது நிற்பது 1974ல் அரசு கட்டியது. அதை நின்று சொல்லக்கூட நேரம் இல்லை. உச்சி வெயிலில் பனிமய மாதா கோயில். துறைமுக வாசல் வரை போய்த் திரும்பினோம், அனுமதி வாங்காமல் உள்ளே விடமாட்டார்கள், அது பாதுகாப்புப் பகுதி. கட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு கொற்கை. இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வயதானவர்கள் இறங்குவதற்கென்று வண்டியில் ஒரு முக்காலி வைத்திருக்கிறேன். வேன் படி உயரம், அதனால் கீழே முக்காலியைப் போட்டு, கையைப் பிடித்து, ஒரு காலை அதில் ஊன்ற வைத்து இறக்க வேண்டும். கொற்கையில் வண்டி நின்றதும் பிள்ளைகள் எல்லாம் குதித்து ஓடிவிட்டார்கள். அப்பத்தா ஜன்னல் வழியாகவே கேட்டார், "ஏப்பா, இதான் கொற்கையா? ராணி சிலம்புக்கு முத்து போன ஊரு?" சின்ன வயதில் அவர் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய கோவலன் நாடகம் பார்த்தவர். கண்ணகி சிலம்பில் மாணிக்கம், பாண்டிமாதேவி சிலம்பில் முத்து, அதனால்தான் பொற்கொல்லன் பொய் வெளிப்பட்டு மன்னன் உயிர் விட்டான் என்பதை எனக்கு விளக்கிச் சொன்னார். அந்த முத்து எடுத்த கடல்துறை இதுதான் ஆத்தா என்றேன். "அப்ப கடல் எங்க?" என்றார். கடல் இங்கிருந்து பல மைல் தள்ளிப் போய்விட்டது, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டின மண் துறையை மூடிவிட்டது என்றேன். "நான் எறங்கிப் பாக்கணும்" என்றார்.

முக்காலியைப் போட்டேன். கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை எடுத்து வைத்து, அவர் நிமிர்வதற்குள் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். "ஏறு அப்பத்தா, டைம் ஆச்சு, ஆதிச்சநல்லூர் மூடிருவாங்க" என்று பேரன் சொன்னான். அவன் கையில் தங்கள் பேப்பர் இருந்தது. கொற்கை, பத்து நிமிடம். அந்த அம்மா மறுபேச்சுப் பேசாமல் வைத்த காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டார். இருபது தப்படி தூரத்தில் குளமும் வன்னி மரமும் இருந்தன. முக்காலியைத் தூக்கிக்கொண்டு நான் நின்றது இன்னும் மனதை அறுக்கிறது.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். நவதிருப்பதி என்று கட்டத்தில் ஒரே வரியில் போட்டிருந்தது. ஐயா, அது ஒன்பது கோயில், ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறது, மத்தியானம் நடை சாத்துவார்கள். எங்களால் இரண்டைத்தான் பார்க்க முடிந்தது. மறுநாள் திருச்செந்தூர் வரிசையிலேயே காலை போய்விட்டது. காயல்பட்டினமும் குலசேகரன்பட்டினமும் ஜன்னலோடு சரி. மணப்பாட்டில் கடலோர மேட்டுக் கோயிலுக்கு ஏற நேரமில்லை. ராத்திரி வீட்டில் இறக்கிவிட்டு ட்ரிப் ஷீட்டைப் பார்த்தேன், 480 கிலோமீட்டர். இரண்டு நாளிலும் விழித்திருந்த நேரம் ஏறக்குறைய முப்பது மணி, அதில் பதின்மூன்று மணி வண்டிக்குள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். யாரும் சண்டை போடவில்லை, பேட்டாவையும் குறைக்காமல் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் எங்கே போனோம் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது.

தங்கள் கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. வரைபடத்தை வைத்துப் போட்டிருப்பார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாதிரித்தான் தெரியும். வண்டி ஓட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பதே என் வருத்தம்.

ஒரு ட்ரிப்புக்குத் திட்டம் போடும்போது நான் இடங்களை எண்ணுவதில்லை, இறங்கி நிற்கிற நேரத்தைத்தான் எண்ணுவேன். பெரியவர்கள், குழந்தைகள் உள்ள கூட்டம் ஒரு இடத்தில் இறங்கி, தண்ணீர் குடித்து, பாத்ரூம் தேடி, சுற்றிப் பார்த்து, திரும்ப ஏறி, ஆள் எண்ணி முடிக்கக் குறைந்தது ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஒரு பகலுக்கு நாலு இடத்துக்கு மேல் தாங்காது. இது பழக்கத்தில் தெரிந்துகொண்ட கணக்கு.

சரி, இரண்டு நாள்தான் இருக்கிறது, எந்த நாலைந்து இடம் என்றால், நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துத் துறைமுகம் இரண்டாயிரம் வருஷமாக இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் கொற்கை. அங்கே மண் மேடிட்ட பிறகு காயல், மார்க்கோ போலோ வந்து பார்த்து எழுதி வைத்த துறை அது. அதற்கும் பிறகு தூத்துக்குடி ஊரை ஒட்டிய பழைய துறைமுகம், கடைசியாக 1974ல் பெரிய துறைமுகமான புதுத் துறைமுகம். இந்த நான்கையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு வந்தால் போதும். எல்லாம் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், ஏறிய களைப்பு தெரியாது. பார்க்கிறவர்களுக்கும் ஒரு கதையைத் தலையிலிருந்து கால் வரை கேட்ட மாதிரி இருக்கும். திருச்செந்தூரை இதில் சேர்க்காதீர்கள். முருகனுக்கென்று தனியாக ஒரு நாள் வைத்துப் போங்கள். மதுரைக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே போகிறவர்கள்தானே. போகும்போதும் வரும்போதும் தூத்துக்குடியைத் தாண்டுகிறோம், பரோட்டா சாப்பிட இறங்குவதோடு சரி.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும். எட்டயபுரத்துக்குப் போகும்போது பாரதி வீடு திறந்திருக்கும், அங்கே தாராளமாக இருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூத்துக்குடி. லாட்ஜில் பெரியவர்களைப் படுக்க வைத்துவிடுங்கள். அந்த ஊர் வெயிலில் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அலைவது வீண். நாலரைக்கு மேல் கடற்கரைச் சாலைக்குப் போனால் மாதா கோயில், பழைய துறைமுகம், ரோச் பூங்கா எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். வேனே வேண்டாம், நான் ஓரமாக நிறுத்திவிட்டுக் கூடவே நடப்பேன்.

அந்த நடையில் நான் காட்டுவது தோணிகளை. உள்ளே போக முடியாது, சாலையில் நின்றாலே கம்பங்கள் தெரியும். மரத்தில் கட்டின பெரிய தோணிகள், வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரைக்கும் போகின்றன. தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பேர். ஒரு தடவை டீக்கடையில் ஒரு வயதான தண்டலைச் சந்தித்தோம். என் வண்டியில் வந்த பையன் அவர் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, செருப்பு அடி மாதிரி இருக்கு" என்றான். அவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாய் கட்டும் கயிற்று முடிச்சை டீக்கடைச் சணலில் போட்டுக் காட்டினார். ஒரு முடிச்சு, அதை அவிழ்ப்பது, மறுபடி போடுவது, கால் மணி நேரம். அந்தக் குடும்பம் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அந்த முடிச்சைப் பற்றித்தான் பேசுகிறது. எந்தக் கட்டத்தில் இதை எழுத முடியும்? நேரத்தை விட்டு வைத்தால்தான் இப்படி ஏதாவது நடக்கும்.

அதே சாலையில் நின்று இன்னொன்றும் சொல்வேன். 1914ல் தனுஷ்கோடிப் பாதை வருவதற்கு முன்னால், சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற போட் மெயில் நம் மதுரை ஜங்ஷன் வழியாக இங்கே வந்துதான் நிற்கும், இங்கிருந்து கப்பல். அந்தக் கொழும்பு வழியில் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டார். அவர்கள் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து நெருக்கினார்கள். 1908ல் கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்றார், ஜெயிலில் செக்கு இழுத்தார், 1936ல் இதே ஊரில் கண்ணை மூடினார். துறைமுகத்துக்கு இப்போது அவர் பேர். பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொன்னால் கண் விரியும். போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658ல் இந்த ஊரைப் பிடித்த டச்சுக் கம்பெனிக்கும் சுருக்கெழுத்து வி.ஓ.சி.தான். கடலை வளைத்துப் போட்ட கம்பெனிக்கும் அதே மூன்றெழுத்து, கடலில் நமக்குப் பங்கு கேட்ட மனிதருக்கும் அதே மூன்றெழுத்து.

ராத்திரி தங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, விசைப்படகுகள் விடியற்காலை போய் ராத்திரிதான் கரை திரும்பும். ஏலத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த நேரத்தில் ஊரில் இருக்க வேண்டும். இரண்டாவது, உப்பளம். விடியும்போது முள்ளக்காடு பக்கம் சாலையோரம் வண்டியை நிறுத்தினால், கண்ணுக்கு எட்டின வரை பாத்தி பாத்தியாக வானம் தரையில் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று இருட்டிலேயே வந்து உப்பு வாருகிறவர்கள் அவர்கள். பெண்கள்தான் அதிகம். உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலில் தோல் வெடித்திருக்கும், கண்ணில் வெளிச்சம் அடித்து அடித்துப் பார்வை போகும். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள் என்று இறங்கும் முன்பே சொல்லிவிடுவேன். ஒரு வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால் அவர்களே பாத்தியைக் காட்டுவார்கள். நம் வீட்டு ரசத்தில் விழுகிற கல் உப்பு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

உப்பளத்திலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் பழையகாயல். அப்புறம் முக்காணி பக்கம் உள்ளே திரும்பிக் கொற்கை. எட்டரைக்குள் போய்விட்டால் குளத்தங்கரையில் காற்று இருக்கும். வன்னி மரத்தடியில் ஜமக்காளத்தை விரித்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொள்ளலாம். செழியநங்கை கோயில் இருக்கிறது, கண்ணகிக்கு எழுந்தது என்று ஊரார் சொல்வார்கள். பக்கத்திலேயே அக்கசாலை என்று ஒரு இடம். அக்கசாலை என்றால் காசு அடிக்கும் பட்டறை. பாண்டியன் காசு அடித்த ஊர். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். திரும்பும்போது மக்ரூன் வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் மதுரை வந்துவிடலாம். மக்ரூனில் மாவே கிடையாது, முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். ஈரக்காற்றுப் பட்டால் நமுத்துவிடும், டப்பாவில் வாங்குங்கள். முந்திரி மரமே போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்ததுதான், அந்த வகையில் அதுவும் துறைமுகம் கொடுத்த தின்பண்டம்.

நாள் பார்ப்பது பற்றியும் தங்கள் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஏலம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளி, சனி வைத்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மாதா கோயில் திருவிழாவுக்கு ஜூலை 26ல் கொடி ஏறி ஆகஸ்டு 5ல் பெருவிழா. அந்தப் பதினொரு நாளும் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம், திருவிழாவையே பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளத்தில் வேலை இருக்காது, குவித்த உப்பை மூடி வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகும்போது நான் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் வண்டி எடுப்பதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டினதும் தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்ததும் தங்கள் பத்திரிகையிலேயே வந்தது. அரிசி, தண்ணீர், பாய் ஏற்றிக்கொண்டு எங்கள் ஸ்டாண்டிலிருந்து நாலு வண்டி போனோம். ஏரலில் பாலம் அறுந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதற்கு முந்தின மாதம் அதே பாலத்தில் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்டியிருந்தேன்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இனி சுற்றுலாத் திட்டம் போடும்போது இடத்தின் பேரோடு, திறக்கிற நேரம், நடை சாத்துகிற நேரம், எந்தக் கிழமை விடுமுறை, அனுமதி வேண்டுமா, கழிப்பறை இருக்கிறதா, பெரியவர்கள் எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் போடுங்கள். பதினான்கை ஐந்தாகக் குறைத்தால் இதற்கெல்லாம் இடம் தாராளமாக இருக்கும். மதுரையில் என்னைப் போல வேன் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கொச்சி என்று எந்த ஊருக்குத் திட்டம் போட்டாலும் அச்சுக்குப் போகும் முன் ஒரு போன் செய்தால் சொல்ல மாட்டோமா? அப்படியே, கொற்கையில் ஒரு கழிப்பறையும் மரத்தடியில் நாலு கல் பெஞ்சும் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்குத் தங்கள் பத்திரிகை மூலம் ஒரு வார்த்தை எட்டினால் புண்ணியமாகப் போகும்.

போன வாரம் அந்த அப்பத்தா பேரனிடம் போனை வாங்கி என்னோடு பேசினார். கொற்கையில் இறங்காதது மனதிலேயே நிற்கிறது என்றார். இப்போது சித்திரைத் திருவிழா ஓட்டம் இருக்கிறது, அழகர் மலை திரும்பியதும் போகலாம் ஆத்தா என்று சொல்லியிருக்கிறேன். டீசல் மட்டும் அவர்கள் போட்டுக்கொள்ளட்டும், வாடகை வேண்டாம் என்று பேரனிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறோம். போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். முக்காலியில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, நேற்று ஆசாரியிடம் கொடுத்து ஆப்பு அடித்து வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வேன் ஓட்டுநர் ஒருவர்,
செல்லூர், மதுரை.